கோடை விடுமுறையில் ஒரு வாசிப்பு நோட்டு
(உயர்நிலைப் பள்ளி மாணவ மாணவியருக்கும் பெற்றோருக்கும்)



முழு ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். காலையில் மதரஸாவில் ஓதிவிட்டு வந்தால் பிறகு நாள் முழுவதும் சும்மாதான். வெயில் தாழும்வரை செல்போன், வெயில் தாழ்ந்தபின் மைதானம், இரவில் மறுபடியும் செல்போன். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து அந்தத் தண்ணீர் நம் குடமுருட்டிக்கு வந்து சேர்வதற்குள் பள்ளிக்கூடமும் திறந்துவிடும். நடுவில் இருப்பது ஏறக்குறைய ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் ஆங்கிலப் பாடத்துக்கென ஒரே ஒரு காரியத்தைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறோம். அது பெரிய செலவுள்ள காரியமும் அல்ல. ஒரு நோட்டு, ஒரு பேனா, இரவல் வாங்கிய சில புத்தகங்கள், தினமும் முக்கால் மணி நேரம். இவ்வளவுதான்.

ஏன் இந்தப் பேச்சு?

கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களோடு ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் நம்மிடம் வருகிறார்கள். அப்படி வந்த ஒரு மாணவி ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தார். அவருடைய அம்மாவுக்கு அதில் மிகுந்த சந்தோஷம். படிவத்தின் கடைசிப் பக்கத்தில், தன்னைப் பற்றியும் தான் என்ன படிக்க விரும்புகிறார் என்பது பற்றியும் அரைப் பக்கம் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. பிள்ளை வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “இதுக்கு ஆன்சர் எங்க இருக்கு? குடுத்தா படிச்சுட்டு வந்து எழுதிடுறேன்.”

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கேள்விக்குப் பதிலை மனப்பாடம் செய்யச் சொன்னோம், செய்தார். பத்து வருடம் ஆங்கிலம் படித்தும், தன் மனதில் உள்ள ஒன்றை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாகச் சொல்லும்படி அவரிடம் யாரும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவ்வளவுதான் நடந்தது.

தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் போதும். மனப்பாடம் அதற்கு மேலும் வாங்கித் தரும். ஆனால் கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கும்போது மனப்பாடம் உதவாது. வேலைக்கான நேர்காணலில் உதவாது. நம் ஊர்களிலிருந்து சபர் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத் தாள், கம்பெனிக்கு எழுதும் லீவு கடிதம், சம்பளம் நின்றுபோனால் கொடுக்க வேண்டிய புகார் ஆகியவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. படிக்கத் தெரியாமல் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். பொறியியல் முடித்துவிட்டு, நேர்காணலில் வாய் திறக்க முடியாமல் திரும்பி வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். எனவே இதை வெறும் மதிப்பெண் விவகாரம் என்று விட்டுவிட முடியாது.

எழுதி வைப்பது நமக்குப் புதிதல்ல

நம் மார்க்கத்தின் முதல் வஹீ ‘ஓதுவீராக’ என்ற கட்டளையோடு தொடங்கியது என்பதும், அதே இடத்தில் எழுதுகோலைப் பற்றிய பேச்சும் வருகிறது என்பதும் நம் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். குர்ஆனின் 68-வது சூராவுக்குப் பெயரே ‘அல்கலம்’, அதாவது எழுதுகோல். ஓதுவதும் எழுதுவதும் நமக்கு எப்போதும் சேர்ந்தே வந்திருக்கின்றன.

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள், நபி (ஸல்) அவர்களிடம் கேட்டவற்றை எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் உடையவர்கள். சிலர் அதை வேண்டாம் என்று தடுத்தபோது அவர்கள் நபியவர்களிடமே கேட்டார்கள். எழுதிக்கொள்ள அனுமதி கிடைத்தது. அந்த ஏட்டுக்கு அவர்கள் ‘அஸ்ஸாதிகா’ என்று பெயரிட்டிருந்தார்கள். கேட்டது மறந்துபோகும், எழுதியது நிற்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அந்நிய மொழி கற்பதைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. வெளியிலிருந்து வரும் கடிதங்களைப் படிக்கவும் பதில் எழுதவும் நம்பிக்கையான ஒருவர் வேண்டும் என்பதற்காக, ஜைத் இப்னு தாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அந்த இளைஞர் சுமார் பதினைந்து நாளில் கற்றுத் தேர்ந்ததாக ஹதீஸ் நூல்களில் வருகிறது. சமுதாயத்தின் தேவைக்காகப் பிறமொழி கற்பது நமக்கு ஒரு முன்மாதிரியாகவே இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு ஆறு வாரம் இருக்கிறது.

கும்பகோணத்து நோட்டு

நமக்குப் பக்கத்து ஊர்க் கதை ஒன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கணித மேதை ராமானுஜன் கும்பகோணத்தில் டவுன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். பதினாறு வயதை ஒட்டிய காலத்தில் கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய ஒரு கணிதப் புத்தகம் அவருக்கு இரவலாகக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும் புத்தகம் அது. பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் கிடையாது. ராமானுஜன் அதை வாசித்தார், தானே போட்டுப் பார்த்தார், தனக்குத் தோன்றியதை நோட்டில் எழுதிக்கொண்டே போனார். காகிதம் வாங்கக் காசு போதாததால் சிலேட்டில் போட்டுப் பார்த்து, விடையை மட்டும் நோட்டில் ஏற்றுவார். அந்த நோட்டுகளை மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1957-ல் அப்படியே படம் பிடித்து இரண்டு தொகுதிகளாக அச்சிட்டது. உலகக் கணித அறிஞர்கள் அவற்றைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்தார்கள்.

வாசித்ததோடு நிற்காமல், வாசித்ததால் தன்னுள் எழுந்ததை எழுதி வைத்த ஒரு பள்ளி மாணவனின் கதை இது. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பள்ளி முடித்து 1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த அதே ராமானுஜன், ஆங்கிலத்தில் தவறியதால் அந்த உதவித்தொகையை இழந்தார். அவ்வளவு பெரிய மூளைக்கும் ஆங்கிலக் கட்டுரை ஒரு தடையாக வந்து நின்றது. கணக்கில் கெட்டி, அறிவியலில் கெட்டி, ஆங்கிலம் மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் பிள்ளைகள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

ஒரு முஸ்லிம் பெண்ணின் பயிற்சி

பெண் பிள்ளைகளுக்காக இன்னொரு வரலாறு. பேகம் ரொக்கையா சகாவத் ஹுசைன் 1880-ல் இன்றைய வங்காளதேசத்தின் ரங்க்பூர்ப் பகுதியில் பிறந்தவர். அந்தக் காலத்தில் அவர் போன்ற குடும்பங்களில் பெண்களுக்கு ஆங்கிலம் கற்றுத் தருவதில்லை. அவருடைய அண்ணன் இப்ராஹிம் வீட்டாருக்குத் தெரியாமல் தங்கைக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். திருமணத்துக்குப் பிறகு கணவரும் ஊக்கம் தந்தார். ஒருமுறை கணவர் அலுவல் பயணமாக வெளியூர் சென்றிருந்தபோது, பொழுது போக வேண்டும் என்றும் தன் ஆங்கிலத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும் ஒரு கதை எழுதினார். அதுதான் ‘சுல்தானாஸ் ட்ரீம்’. பெண்கள் அறிவியல் கற்று, சூரிய வெப்பத்தை வேலை வாங்கி, ஆகாய வாகனத்தில் போகும் ஒரு நாட்டைப் பற்றிய கனவுக் கதை. அது 1905-ல் அச்சானது நம் சென்னையில், ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்ற பத்திரிகையில். பின்னாளில் ரொக்கையா கல்கத்தாவில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் நடத்தினார்.

பயிற்சிக்காக எழுதியது நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. நம் பிள்ளைகள் எழுதுவது அச்சேற வேண்டியதில்லை. எழுதுகிற கை மட்டும் பழகினால் போதும்.

எந்தப் புத்தகம்?

சென்ற விடுமுறையில் நாம் சொன்னதைக் கேட்டு நோட்டுப் போட்டவர்களில் சிலர் முதல் வாரத்திலேயே விட்டுவிட்டார்கள். கேட்டுப் பார்த்தால் காரணம் ஒன்றுதான். எடுத்த புத்தகம் மிகவும் கடினம். பெரிய புத்தகத்தை எடுத்தால்தான் கௌரவம் என்று நினைத்துவிட்டார்கள்.

ஓர் எளிய சோதனை சொல்கிறோம். புத்தகத்தின் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து வாசியுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்குங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு வைத்துவிடுங்கள். ஒன்றிரண்டு விரல் மடங்கினால் அதுதான் உங்களுக்கான புத்தகம்.

ஆங்கிலத்தில் மிகவும் தடுமாறுகிற பிள்ளை, ஆறாம் ஏழாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் உள்ள துணைப்பாடக் கதைகளிலிருந்தே தொடங்கலாம். அதில் வெட்கம் இல்லை. படிக்கட்டில் கீழ்ப்படியில்தான் முதலில் கால் வைக்கிறோம். அடுத்த படியாக, குழந்தைகளுக்கென நேஷனல் புக் டிரஸ்ட்டும் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட்டும் வெளியிட்ட சிறு நூல்கள் இருக்கின்றன. விலை குறைவு, படம் உண்டு, எழுத்துப் பெரிது. சென்னை தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும்படி சில நூல்கள் போட்டிருக்கிறது. பிரதம் புக்ஸ் நடத்தும் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் படிநிலை வாரியாகக் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. செல்போனை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்த அது ஒரு வழி.

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆர்.கே. நாராயணின் ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ படிக்கலாம். 1935-ல் வந்தது. பரீட்சைக்குப் பயப்படுகிற, கிரிக்கெட் பைத்தியம் பிடித்த ஒரு பையனின் கதை என்பதால் நம் பையன்களுக்கு உடனே பிடித்துப்போகும். ரஸ்கின் பாண்டின் ‘தி ப்ளூ அம்பரல்லா’ சிறியது, ஒரு வாரத்தில் முடிக்கலாம். அப்துல் கலாம் அவர்கள் அருண் திவாரியோடு சேர்ந்து எழுதிய ‘விங்ஸ் ஆஃப் ஃபயர்’ 1999-ல் வெளிவந்தது. அதன் முதல் அத்தியாயங்கள் ராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவைப் பற்றியவை. பின்பகுதி கடினம். முதல் பகுதியை மட்டும் வாசித்தாலும் போதும். கலாம் அவர்களுக்குச் சிறுவயதில் எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்ற தேசபக்தர் தன் வீட்டு நூலகத்திலிருந்து புத்தகம் இரவல் கொடுத்து ஊக்கினார் என்ற செய்தியும் அதில் வருகிறது.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு வைக்கம் முகம்மது பஷீரின் ‘மீ கிராண்டாட் ஆட் அன் எலிஃபென்ட்’. மலையாள நாவல், ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் ஆர்.இ. ஆஷர். பழம்பெருமை பேசிக்கொண்டே நொடித்துப்போன ஒரு முஸ்லிம் குடும்பம், அந்தக் குடும்பத்தில் எழுத்தறியாத ஒரு பெண், பக்கத்து வீட்டுக்கு வந்த தோழியிடம் எழுத்துக் கற்றுக்கொள்கிறாள். நம் வீட்டுக் கதை போலவே இருக்கும்.

புத்தகம் வாங்க வசதியில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். நாம் கட்டும் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். அரசுக் கிளை நூலகம் அந்தப் பணத்தில் நடப்பது. போகாவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டதால் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948-ல் வந்தது. அதற்கும் முன்பே, 1931-ல், மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். அன்றைக்குப் புத்தகம் வாசகனைத் தேடி வண்டியில் வந்தது. இன்றைக்கு நாம் சைக்கிளில் போய் எடுத்துவர முடியாதா?

நோட்டை எப்படிப் பிரிப்பது?

கோடு போட்ட நீள நோட்டு ஒன்று எடுங்கள். விரித்து வைத்தால் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இடது பக்கம் புத்தகத்துக்கு, வலது பக்கம் உங்களுக்கு. இந்த ஒரு விதியை மறக்காதீர்கள்.

இடது பக்கத்தில் எழுத வேண்டியவை: தேதி, புத்தகத்தின் பெயர், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம்வரை படித்தீர்கள், என்ன நடந்தது என்று மூன்று வாக்கியம், புதிதாகக் கற்ற சொற்கள் அதிகம் போனால் ஐந்து. தெரியாத சொல் எல்லாவற்றுக்கும் அகராதியைப் புரட்டினால் கதை ஓடாது. முதலில் அந்தச் சொல்லைத் தாண்டிப் போங்கள். அது திரும்பத் திரும்ப வந்தாலோ, அது இல்லாமல் கதை புரியாவிட்டாலோ மட்டும் அகராதியைப் பாருங்கள். வீட்டில் பழைய லிஃப்கோ அகராதி ஒன்று இருந்தால் போதும். பொருளைத் தமிழில் எழுதிவிட்டு, அந்தச் சொல்லை வைத்து உங்கள் வீட்டைப் பற்றியோ தெருவைப் பற்றியோ ஒரு வாக்கியம் அமைத்துவிடுங்கள். அப்போதுதான் அந்தச் சொல் உங்களுடையது ஆகும்.

வலது பக்கத்தில் உங்கள் எண்ணம். இங்கேதான் பிள்ளைகள் திகைத்து நிற்கிறார்கள். அதற்காக நான்கு தொடக்கங்கள் தருகிறோம். ‘ஐ திங்க்’ என்று தொடங்கினால் உங்கள் கருத்து வரும், அதோடு ‘பிகாஸ்’ சேர்த்தால் காரணமும் வரும். ‘ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட்’ என்று தொடங்கினால் புரியாதது வரும். ‘திஸ் ரிமைண்ட்ஸ் மீ ஆஃப்’ என்று தொடங்கினால் உங்கள் வாழ்க்கையில் நடந்தது ஒன்று நினைவுக்கு வரும். ‘இஃப் ஐ வேர்’ என்று தொடங்கினால் அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்பது வரும். தினமும் இவற்றில் ஒன்றை எடுத்து மூன்று முதல் ஐந்து வாக்கியம் எழுதினால் போதும்.

ஒரு நாள் குறிப்பு: மாதிரி

பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் லியாம் ஓ’ஃப்ளாஹெர்ட்டி எழுதிய ‘ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃபிளைட்’ என்ற கதை வருகிறது. அதைப் படித்த பிள்ளை எப்படிக் குறிப்பு எழுதலாம் என்று காட்டுகிறோம். பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பெற்றோருக்கும் புரியட்டும் என்பதற்காக இங்கே தமிழில் தருகிறோம்.

இடது பக்கம்: “ஒரு கடற்பறவைக் குஞ்சு பறக்கப் பயந்து பாறை விளிம்பில் தனியாக இருக்கிறது. அதன் அண்ணன்களும் தங்கையும் பறந்துவிட்டார்கள், அதற்குப் பசி. அம்மா மீன் துண்டை அருகில் கொண்டுவந்து காட்டிவிட்டு எட்டாமல் நிறுத்திக்கொள்கிறது, குஞ்சு பாய்கிறது, விழும்போது சிறகு விரிகிறது.”

வலது பக்கம்: “அம்மாப் பறவை மேல் எனக்கு முதலில் கோபம் வந்தது. பசியோடு இருக்கும் பிள்ளைக்கு ஏன் கொடுக்கவில்லை? என் அம்மா என்னை முதல் தடவை ரேஷன் கடைக்குத் தனியாக அனுப்பினார். நான் அழுதேன், அப்படியும் கூட வரவில்லை. தெருமுனையில் நின்று நான் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் நன்னி சொன்னார்.”

இதில் பெரிய சொல் ஒன்றுகூட இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த ஆங்கிலமே போதும். ஆனால் இந்த ஐந்து வாக்கியத்தை எந்த நோட்ஸிலும் யாரும் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பிள்ளையிடம் மட்டும்தான் அது இருக்கிறது. மேலே சொன்ன உதவித்தொகைப் படிவத்தின் கடைசிப் பக்கம் கேட்டதும் இதைத்தான்.

ஆறு வாரத் திட்டம்

எல்லாப் பிழையையும் ஒரே நாளில் திருத்த முடியாது. வாரத்துக்கு ஒரு கவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம்: வாக்கியம் பெரிய எழுத்தில் தொடங்குகிறதா, முற்றுப்புள்ளியில் முடிகிறதா? இதை மட்டும் பாருங்கள்.

இரண்டாம் வாரம்: கதையில் நடந்து முடிந்ததைச் சொல்லும்போது வினைச்சொல் இறந்த காலத்தில் இருக்கிறதா? ‘கோ’ என்பது ‘வென்ட்’ ஆனதா?

மூன்றாம் வாரம்: ‘ஹி’, ‘ஷி’ வந்து நிகழ்காலமாக இருந்தால் வினையின் இறுதியில் ‘எஸ்’ இருக்கிறதா?

நான்காம் வாரம்: ‘அ’, ‘ஆன்’, ‘தி’. தமிழில் இவை இல்லாததால் நம் பிள்ளைகள் இவற்றை அடிக்கடி விட்டுவிடுவார்கள். புத்தகத்தில் ஒரு பத்தியை எடுத்து, இவை எங்கெல்லாம் வருகின்றன என்று அடிக்கோடிட்டுப் பார்க்கலாம். இரவல் புத்தகமாக இருந்தால் பென்சிலாலும் கோடு போடாதீர்கள். அந்தப் பத்தியை நோட்டில் எழுதிக்கொண்டு கோடிடுங்கள்.

ஐந்தாம் வாரம்: இரண்டு சிறிய வாக்கியங்களை ‘பிகாஸ்’, ‘பட்’, ‘வென்’ போட்டு ஒன்றாக்குங்கள்.

ஆறாம் வாரம்: படித்த புத்தகங்களில் ஒன்றைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள். படிக்காத ஒரு நண்பருக்கு அந்தப் புத்தகத்தைப் பரிந்துரைப்பதுபோல எழுதலாம். பிடிக்கவில்லை என்றால் ஏன் பிடிக்கவில்லை என்று எழுதலாம். அதுவும் வாசிப்புதான்.

நேரம் அவரவர் வீட்டு வசதிப்படி. ஃபஜ்ருக்குப் பிறகு மதரஸா கிளம்பும்வரை இருக்கும் நேரம் மிக நல்லது. முடியாவிட்டால் லுஹருக்குப் பிறகு, வெளியே போக முடியாத வெயில் நேரம். அரை மணி வாசிப்பு, கால் மணி எழுத்து. வாரத்தில் ஐந்து நாள் போதும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நாள், விட்டுவிடலாம். இன்னொரு நாள் சொந்தக்காரர் வீடு, கல்யாணம் என்று போய்விடும். ஒரு நாள் விட்டுப்போனால் நோட்டையே மூடிவிடாதீர்கள். அடுத்த நாள் தேதியைப் போட்டுத் தொடருங்கள்.

ஆங்கிலம் தெரியாத பெற்றோர் என்ன செய்வது?

“எங்களுக்கே இங்கிலீஷ் தெரியாது, நாங்க என்னத்தப் பாக்குறது?” என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பார்க்க நிறைய இருக்கிறது.

ஒன்று, தேதி. ஐந்து நாள் குறிப்பும் ஒரே மையில், ஒரே உட்காரலில் எழுதியதுபோல் இருந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். இரண்டு, அடித்தல் திருத்தல். தானாக யோசித்து எழுதும் பிள்ளையின் பக்கத்தில் அடித்தல் இருக்கும். பக்கம் அச்சடித்ததுபோல் சுத்தமாக இருந்தால் எங்கிருந்தோ பார்த்து எழுதியிருக்கலாம். ஆகவே அடித்தலைக் கண்டு திட்டாதீர்கள். மூன்று, கதை. இரவு சாப்பிடும்போது இன்று படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நன்னியும் கேட்கட்டும். “அப்புறம் என்ன ஆச்சு?”, “அது ஏன் அப்படிச் செஞ்சுச்சு?” என்று நீங்கள் கேட்கும் இரண்டு கேள்வி, பிள்ளையை மறுநாள் இன்னும் கவனமாக வாசிக்க வைக்கும். தமிழில் தெளிவாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் சொல்வதற்கும் ஏதாவது இருக்கும்.

சபரில் இருக்கும் அத்தாமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாரம் ஒருமுறை போனில் பேசும்போது “நல்லா படிக்கிறியா?” என்று மட்டும் கேட்டால் “படிக்கிறேன்” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். “நோட்டுல வலது பக்கம் எழுதுனத ஒன்னு வாசிச்சுக் காட்டு” என்று கேளுங்கள். பிழையைத் திருத்தாதீர்கள், கேளுங்கள். தன் எழுத்தைக் கேட்க ஒருவர் கடல் கடந்து காத்திருக்கிறார் என்பது பிள்ளைக்குப் பெரிய பலம்.

வீட்டில் கல்லூரி படிக்கும் அக்கா, அண்ணன் இருந்தால் வாரம் ஒரு குறிப்பை மட்டும் திருத்தித் தரலாம். அதுவும் அந்த வாரத்துக்குரிய பிழையை மட்டும். பக்கம் முழுவதும் சிவப்பு மை ஏறினால் பிள்ளை அடுத்த முறை எழுதவே அஞ்சும்.

தவிர்க்க வேண்டியவை

செல்போனில் கேள்வியைக் கொடுத்தால் அதுவே பத்தி பத்தியாக எழுதித் தரும் காலம் இது. அதைப் பார்த்து நோட்டில் ஏற்றினால் கைதான் வலிக்கும், ஆங்கிலம் வராது. சொல்லுக்குப் பொருள் பார்க்கவும், உச்சரிப்புக் கேட்கவும் போனைப் பயன்படுத்துங்கள். வலது பக்கத்தை மட்டும் போனுக்குக் காட்டாதீர்கள்.

அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். ஒப்பிட வேண்டுமானால் அதே பிள்ளையின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஒப்பிடுங்கள். பரிசு, பணம் என்று ஆசை காட்ட வேண்டியதில்லை. நோட்டைத் தண்டனையாகவும் ஆக்காதீர்கள். “சேட்டை பண்ணுனா இன்னும் ரெண்டு பக்கம் எழுது” என்று சொன்ன நாளில் பிள்ளைக்கு நோட்டு வெறுத்துப்போகும்.

முடிவாக

நம் பாபநாசம் திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. மூவாயிரம் கலம் நெல் கொள்ளும் என்பார்கள். விளைச்சல் எவ்வளவு இருந்தாலும் சேர்த்து வைக்க இடம் இல்லாவிட்டால் மழையிலும் எலியிலும் போய்விடும் என்று அறிந்தவர்கள் கட்டியது. நெல் விளையும் ஊரில் பிறந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் பள்ளியில் பத்து வருடம் ஆங்கிலம் கேட்கிறார்கள், படிக்கிறார்கள். சேர்த்து வைக்கத்தான் இடம் இல்லை. இந்த நோட்டு அந்த இடமாக இருக்கட்டும்.

பள்ளி திறந்ததும் நோட்டை உங்கள் ஆங்கில ஆசிரியரிடம் காட்டுங்கள். நம்மிடமும் கொண்டுவாருங்கள். நாம் மதிப்பெண் போட மாட்டோம். வலது பக்கங்களை வாசித்துப் பார்ப்போம். தொடங்கி விட்டுப்போன நோட்டாக இருந்தாலும் கொண்டுவாருங்கள். எந்த இடத்தில் நின்றுபோனது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

மேலே சொன்ன அந்த மாணவி அன்று படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து, முதலில் தமிழில் சொல்லச் சொன்னோம். சொன்னார், நன்றாகவே சொன்னார். பிறகு அதை ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் எழுதினார். அரைப் பக்கம் எழுத அஸர் பாங்கு சொல்லும்வரை ஆனது. பிழைகள் இருந்தன. ஆனால் எழுதி முடித்ததும் அதை இரண்டு முறை தானே வாசித்துப் பார்த்துக்கொண்டார். அந்த அரைப் பக்கத்துக்கு எடுத்த நேரம்தான் இந்தக் கோடையில் உங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று கேட்கிறோம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்து, அதைக் கொண்டு தங்கள் குடும்பத்துக்கும் ஊருக்கும் உதவுபவர்களாக ஆக்குவானாக. ஆமீன்.